"பெங்கெட் இகொரோட்" என்று எழுதிய பழைய படங்களில் இருப்பவர்கள் யார்?

கேள்வி இதுதான்: 1900களில் பிலிப்பைன்ஸ் மலைப்பகுதியில் எடுத்த நாலு கறுப்பு வெள்ளைப் படங்கள். எல்லாவற்றின் கீழும் "பெங்கெட் இகொரோட்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. முதுகில் கூடை சுமக்கும் ஒரு பெண், கோவணத்துக்கு மேல் கோட்டுப் போட்ட ஒரு ஆள், ஒரு வீட்டுக்கு முன்னால் வரிசையாக நிற்கும் குடும்பம், ஈட்டியும் கோடாரியுமாக ஒருவர். இவர்கள்தான் இபலோய் மக்களா, இந்தப் படங்களை வைத்து அவர்களின் பழைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள முடியுமா?

சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: முதல் மூன்று படங்களில் இருப்பவர்கள் இபலோயாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, நாலாவது ஆள் அநேகமாக இல்லை. வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள முடியுமா என்றால், முடியும், ஆனால் படம் எடுத்தவர் எதைக் காட்ட நினைத்தாரோ அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, தெரியாமல் உள்ளே வந்து விழுந்ததைப் பார்க்க வேண்டும். கூடை, போர்வையின் கோடு, வீட்டுக்குப் பின்னால் ஓடும் வேலி, அந்த மாதிரி. வேலியைப் பற்றி அப்புறம் வருகிறேன், அது பெரிய கதை.

முதலில் பெயர். லூசோன் தீவின் வடக்கே கார்டில்யேரா மலைத்தொடர். அங்கே இருக்கும் பல இனங்களுக்கும் சேர்த்து வெளியாட்கள் வைத்த பெயர் இகொரோட், மலைக்காரன் என்ற அர்த்தத்தில். அதில் பெங்கெட் மாகாணத்தின் தெற்குப் பக்கத்தில் வாழ்பவர்கள் இபலோய். இன்றைய பாகியோ நகரம், லா திரினிதாத், இதோகோன், துபா, சப்லான், போகோட், கபாயன் எல்லாம் அவர்கள் ஊர்கள். அதே மாகாணத்தின் வடக்கே காங்கனாய் மக்கள். இரண்டு பேருக்கும் மொழி வேறு. இபலோய் மொழிக்கு நெருக்கமான சொந்தங்களில் ஒன்று மலைக்குக் கீழே சமவெளியில் பேசுகிற பங்கசினான் மொழி. அமெரிக்க அதிகாரிகள் இந்த இருவரையும் ஒரே பொட்டலமாகக் கட்டி "பெங்கெட் இகொரோட்" என்று பெயர் ஒட்டினார்கள். அதனால் அந்தத் தலைப்பை வைத்து இபலோயா காங்கனாயா என்று சொல்லவே முடியாது. சில பழைய எழுத்துகளில் "நபலோய்" என்று இருக்கும், அதுவும் இதே மக்கள்தான். ஒட்டோ ஷீரர் என்ற ஜெர்மன்காரர் பாகியோவில் குடியிருந்து, இவர்கள் மொழியைப் பற்றி எழுதியது 1905இல் அந்தப் பெயரில்தான் அச்சானது.

இனி படம் எடுத்தது யார் என்று பார்ப்போம். எல்லாமே இவர் எடுத்தவை இல்லை, ஆனாலும் இன்று இணையத்தில் சுற்றுகிறவற்றில் பெரும்பங்கு ஒரே ஆளின் ஏற்பாட்டில் எடுக்கப்பட்டவை: டீன் வூஸ்டர். மிச்சிகனைச் சேர்ந்த விலங்கியல் ஆள், 1887இல் பறவை பிடிக்க பிலிப்பைன்ஸ் வந்தவர், அமெரிக்கா தீவுகளைப் பிடித்த பிறகு அரசின் உள்துறைச் செயலராக 1901 முதல் 1913 வரை இருந்தார். மலை மக்கள் எல்லாம் அவர் பொறுப்பு. தானே கேமராவோடு ஏறினார், அரசுப் புகைப்படக்காரரான சார்லஸ் மார்ட்டினையும் கூட்டிக்கொண்டு போனார். ஆயிரக்கணக்கான கண்ணாடி நெகட்டிவ்கள். எண்ணும் எழுத்துமாக ஒரு குறியீடு போட்டு, இந்த இனம், ஆண் மாதிரி, பெண் மாதிரி, வீடு, சடங்கு என்று பிரித்து வைத்தார். பறவைத் தோலுக்குச் சீட்டுக் கட்டிப் பழகியவர் மனிதர்களுக்கும் கட்டினார் என்று எனக்குத் தோன்றும். ஆளை நேராக நிறுத்தி ஒன்று, பக்கவாட்டில் திருப்பி ஒன்று என்று ஜோடியாக வரும் படங்களைப் பார்த்தால் புரியும், அந்த ஆளின் பெயர் மட்டும் பெரும்பாலும் இருக்காது.

இவருக்கு நோக்கம் இருந்தது, அவர் அதை மறைக்கவும் இல்லை. இந்த மக்களைச் சமவெளிப் பிலிப்பினோக்கள் கையில் விடமுடியாது, அதனால் அமெரிக்கா இங்கே இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். படங்கள் அந்த வாதத்துக்குச் சாட்சி. நேஷனல் ஜியாகிரபிக் பத்திரிகையில் 1912, 1913இல் நிறைய வந்தன. பெங்கெட்டுக்கு வடக்கே வாழும் பொந்தோக் இனத்து இளைஞன் ஒருவனின் மூன்று படங்களை வரிசையாக வைத்து, கோவணத்திலிருந்து சீருடைக்கு எப்படி மாறினான் பார் என்று காட்டுவது அவருக்குப் பிடித்த வித்தை. மணிலாக்காரர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. 1908இல் எல் ரெனசிமியெந்தோ என்ற பத்திரிகை "வேட்டைப் பறவைகள்" என்ற தலையங்கத்தில், பெங்கெட் மலை ஏறி இகொரோட்களின் மண்டையை அளக்கிறவர் அப்படியே தங்கம் எங்கே கிடக்கிறது என்றும் மேலிருந்து நோட்டம் விடுகிறார் என்று எழுதியது. யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனாலும் வூஸ்டர் அவதூறு வழக்குப் போட்டு ஜெயித்தார், பத்திரிகை மூடிக்கொண்டது.

இதை எல்லாம் சொல்வது அந்தப் படங்களைத் தூக்கி எறியச் சொல்ல இல்லை. அன்று அந்தப் பக்கம் போன கேமராக்கள் கொஞ்சம்தான், அதில் அவருடையது ஒன்று. அவரைத் தெரிந்துகொண்டு பார்த்தால் போதும்.

சரி, முதல் படம், கூடைக்காரப் பெண். அந்தக் கூடையின் பெயர் காயபாங். அடி குறுகி, மேலே போகப் போக விரிந்து, வாய் அகலமாகத் திறந்திருக்கும், ஒரு பெரிய புனலை நிமிர்த்து வைத்த மாதிரி. தோளில் மாட்டுவதில்லை, பின்னிய ஒரு பட்டை நெற்றியின் மேல் வரும், பாரம் முழுவதும் கழுத்திலும் முதுகிலும் இறங்கும். அதனால் சுமக்கிறவள் முன்னால் குனிந்துதான் நடக்க முடியும், கை இரண்டும் சும்மா இருக்கும், மலைப்பாதையில் பிடித்து ஏற அது வேண்டும். படத்தில் அந்தப் பெண் நிமிர்ந்து நின்று கேமராவைப் பார்க்கிறாள் என்றால், கூடை காலியாக இருக்கிறது, நிற்கச் சொல்லி நின்றிருக்கிறாள் என்று அர்த்தம். நெற்றியில் பட்டை அழுந்தி, கண் கீழே பார்த்து, முழங்கால் மடங்கியிருந்தால் அது நிஜமான பாரம். இன்றைக்கும் பாகியோ கடைகளில் உள்ளங்கை அளவு காயபாங் நினைவுப்பொருளாகத் தொங்குகிறது.

கூடைக்குள் என்ன இருந்திருக்கும்? பெரும்பாலும் சக்கரவள்ளிக் கிழங்கு, இபலோய் மொழியில் தொக்தோ. அல்லது சேம்பு, அதற்கு அபா. நெல்லும் உண்டு, சிவப்பரிசி, அக்னோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் நீர் கட்டிய வயல்களில் விளைந்தது. ஆனால் தினசரிச் சோறு எல்லாருக்கும் கிடைக்கவில்லை. ஏழை வீட்டில் வயிற்றை நிரப்பியது கிழங்குதான், அதையே வேகவைத்துப் பன்றிக்கும் போட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. "பாரம்பரிய வாழ்க்கை" என்று நாம் சொல்கிற இந்தக் கிழங்கு அமெரிக்கக் கண்டத்துப் பயிர், ஸ்பானியக் கப்பல்களில் மெக்சிகோவிலிருந்து வந்தது, பிலிப்பைன்ஸில் பொதுவாக வழங்கும் "கமோத்தே" என்ற பெயரும் மெக்சிகோக்காரர்களின் சொல்தான். படம் எடுத்த நாளில் அது மலைக்கு வந்து பல தலைமுறை ஆகியிருந்தது. மாடும் ஸ்பானியர் காலத்தில் வந்ததே, காப்பிச் செடியும் அப்படியே. ஆகவே 1900இல் எடுத்த படம் "ஆதிகாலத்து வாழ்க்கை" என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள், அது 1900ஆம் ஆண்டு வாழ்க்கை, அவ்வளவுதான். அதற்கு முன்னாலேயே இந்த மலை நிறையப் பட்டுவிட்டது. 1829இல் கல்வே என்ற ஸ்பானியத் தளபதி புகையிலைக் கடத்தலைத் தடுக்கிறேன் என்று படையோடு ஏறி வந்து, இன்று லா திரினிதாத் என்று இருக்கிற பள்ளத்தாக்கில் சுமார் 500 வீடுகள் இருந்ததை எழுதி வைத்தார், அவற்றில் பலவற்றை எரித்ததும் அவர் படையே. பின்னால் அம்மையும் வந்து, சில வருடங்களில் 100 வீடுகள் அளவுக்குச் சுருங்கியது. அந்தப் பள்ளத்தாக்குக்கு அவர் வைத்துவிட்டுப் போனது தன் மனைவியின் பெயரை.

அந்தப் பெண்ணின் உடையையும் பாருங்கள். இடுப்பில் சுற்றிய திவெத் என்ற துணி, மேலே கம்பல் என்ற நீளக்கை மேல்சட்டை, தலையில் ஒரு துணி. வடக்கே பொந்தோக் பெண்களின் படங்களில் மேலாடை இருக்காது, தலைமுடியில் பாம்பின் முதுகெலும்பைக் கோத்துக் கட்டியிருப்பார்கள். பெங்கெட் பக்கம் குளிர் அதிகம், சமவெளி வியாபாரமும் நெருக்கம், பெண்கள் மூடியே உடுத்தினார்கள். "இகொரோட் பெண்" என்று தேடினால் அரை நிர்வாணப் படங்களாக வந்து குவியும், அவை அதிகம் விற்றன என்பதால். இபலோய்ப் பெண்களின் படம் குறைவாகக் கண்ணில் படுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

துணியின் நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்புக் கோடு கறுப்பாக விழும், நீலம் வெளிறி வெள்ளையாக விழும். அதனால் படத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் பளீரென்று தெரிகிற போர்வை உண்மையில் சிவப்பும் நீலமுமாக இருந்திருக்கலாம். வண்ணம் பூசிய அஞ்சலட்டைகள் இன்னும் மோசம், அச்சுக்கூடத்தில் உட்கார்ந்து, அந்தத் துணியைக் கண்ணால் பார்க்காத ஒருவர் தன் இஷ்டத்துக்குத் தீட்டியது. தோலும் இதே காரணத்தால் இருந்ததைவிடக் கறுத்து விழும். முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பதைக் கோபம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. வெளிச்சம் வேண்டும் என்று வெயிலைப் பார்த்து நிற்க வைத்து, அசையாதே என்று சொன்னால் யாருடைய முகமும் அப்படித்தான் இருக்கும்.

போர்வையே இபலோய்களிடம் ஒரு மொழி மாதிரி. பினக்பகன் என்ற போர்வையைப் பணக்காரன்தான் போர்த்தலாம், செத்தால் அவன் உடம்புக்கும் அதையே போர்த்துவார்கள். ஏழைக்கு வேறு. யார் எதைப் போர்த்திக்கொண்டு புதைபடலாம் என்பது வரை முறை இருந்தது. இதில் பல துணிகளை நெய்தது இவர்கள் இல்லை, இலோகோஸ் கடற்கரைப் பக்கத்து நெசவாளிகள் மலைக்காரர்களின் ரசனை அறிந்து நெய்து கொடுத்தார்கள். கீழே துணியும் உப்பும், மேலேயிருந்து தங்கமும் என்று ஓடிய வியாபாரம் அது.

தங்கம் என்றதும் இரண்டாவது படத்துக்கு வந்துவிடலாம். கோவணம், வெறுங்கால், மேலே ஐரோப்பியக் கோட்டு, தலையில் தொப்பி. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், எடுத்தவரும் சிரிக்கத்தான் எடுத்திருப்பார், பாதி நாகரிகம் என்று. அந்த ஆள் ஒரு பக்னாங், அதாவது ஊர்ப் பெரிய பணக்காரர் என்பதற்கு அந்தக் கோட்டுத்தான் அடையாளம். இதோகோன் பக்கத்து மலைகளில் தங்கம் எடுத்தார்கள், ஆற்று மணலிலும் அரித்தார்கள், அதைக் கீழே கொண்டுபோய் மாடு வாங்கினார்கள். புல்வெளிகளில் மாடு பெருகியது, அதுதான் 19ஆம் நூற்றாண்டில் பக்னாங் குடும்பங்களின் செல்வம். ஸ்பானியர்களும் பிறகு அமெரிக்கர்களும் ஊர்த்தலைவர் பதவியைக் கொடுத்தது இவர்களில் பலருக்கே. வெறுங்காலில் நிற்பது அவருக்கு இழுக்கே இல்லை, அந்தச் சேற்றுப் பாதையில் பூட்ஸ்தான் இழுக்கு.

இப்போது வேலி. பாகியோ இருக்கும் இடத்தின் பழைய பெயர் கஃபக்வாய். மாடு மேய்ந்த திறந்த புல்வெளி. அங்கே மாத்தேயோ கரின்யோ என்ற இபலோய் பக்னாங்கின் நிலம் இருந்தது; அவரும் மனைவி பாயோசா ஓர்தேகாவும் இருக்கும் பழைய படங்கள் கிடைக்கின்றன, இந்தக் குவியலில் பெயரோடு நிற்கிற மிகச் சிலரில் அவர்கள் உண்டு. அமெரிக்கர்களுக்கு வெயில் தாங்கவில்லை, மலையில் ஒரு குளிர் ஊர் வேண்டும் என்று கஃபக்வாயைத் தேர்ந்தெடுத்தார்கள். 1903இல் ராணுவ ஓய்வு முகாமுக்கு நிலத்தை ஒதுக்கினார்கள், அதுதான் கேம்ப் ஜான் ஹே. 1905இல் கீழேயிருந்து சாலை வந்து சேர்ந்தது, 1909 செப்டம்பரில் பாகியோ சாசன நகரமானது. கரின்யோ வழக்குப் போட்டார். உன்னிடம் ஸ்பானிய அரசு கொடுத்த பட்டா இல்லை, ஆகவே நிலம் அரசுடையது என்று பிலிப்பைன்ஸ் நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. அவர் விடாமல் வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1909 பிப்ரவரி 23 அன்று நீதிபதி ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பு வந்தது. நினைவு தெரிந்த காலம் முதல் தனிச்சொத்தாக அனுபவித்து வந்த நிலம் என்று சாட்சி இருந்தால், அது ஸ்பானியர் வருவதற்கு முன்பிருந்தே அப்படி இருந்தது என்றும், அரசு நிலமாக ஒருபோதும் இருந்ததில்லை என்றும் கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். அந்தச் சாட்சியில் என்ன இருந்தது தெரியுமா? பாட்டன் அங்கே குடியிருந்தார், மாட்டை அடைத்து வைக்கப் போதுமான வேலி போட்டிருந்தார், சில வேலிகள் அதற்கும் முந்தையவை. தகப்பன் கொஞ்சம் உழுதார், கொஞ்சம் மேய்த்தார். சுற்றியிருந்த இகொரோட்கள் எல்லாரும் அது அவர்களுடையது என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

அதனால்தான் பழைய பாகியோ படங்களில் நான் ஆட்களுக்குப் பின்னால் பார்ப்பேன். "காலியான புல்வெளி, நகரம் கட்டத் தோதான இடம்" என்று எடுத்த படத்தின் ஓரத்தில் ஒரு வேலி ஓடும், அதற்குள் இரண்டு மாடு நிற்கும். காலி இல்லை என்பதற்கு எடுத்தவரே கொடுத்த சாட்சி அது.

தீர்ப்பு வந்தபோது கரின்யோ உயிரோடு இல்லை, முந்தைய வருடமே இறந்துவிட்டார். நிலமும் வீடு திரும்பவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு உலகம் முழுவதும் பழங்குடி நில வழக்குகளில் எடுத்தாளப்படுகிறது, பிலிப்பைன்ஸின் 1997ஆம் ஆண்டுப் பழங்குடி உரிமைச் சட்டத்துக்கும் அடிப்படை அதுவே. அந்தச் சட்டத்திலேயே 78ஆம் பிரிவு, பாகியோவுக்கு மட்டும் அதன் சொந்தச் சாசனம்தான் செல்லும் என்று விலக்கு வைத்துவிட்டது. வழக்கு பிறந்த ஊருக்கே விலக்கு. பாகியோவில் பிப்ரவரி 23ஐ இப்போது இபலோய் நாள் என்று கொண்டாடுகிறார்கள், நகர் நடுவே பர்ன்ஹாம் பூங்காவில் இபலோய் மரபுத் தோட்டம் என்று ஒரு மூலையும் இருக்கிறது.

மூன்றாவது படம், வீட்டு முன்னால் குடும்பம். இந்த மாதிரிப் படங்களில் ஆட்களை வரிசையாக நிறுத்தியது செயற்கை, ஆனால் வீட்டை யாரும் நகர்த்தி வைக்க முடியாதே. புல் வேய்ந்த, நாலு பக்கமும் சரிந்து கீழே இறங்குகிற கூம்புக் கூரை, பெரிய தொப்பியைக் கவிழ்த்தது மாதிரி. கீழே தூண்கள், தரை ஆள் மார்பளவு உயரத்தில். பணக்காரர் வீட்டுச் சுவர் பைன் பலகை, ஏழை வீட்டில் மரப்பட்டையும் மூங்கிலும். எனவே சுவரைப் பார்த்தாலே குடும்பத்தின் நிலை தெரிந்துவிடும். ஜன்னல் என்று சொல்ல எதுவும் இருக்காது. உள்ளே அடுப்பு, புகை கூரை வழியாகக் கசிந்து போகும், அந்தப் புகையில் மேலே தொங்குவது உப்புப் போட்ட பன்றிக்கறி, அதற்குப் பெயர் கினுதாய். புகை ஏறியதால் கூரைப் புல்லும் சீக்கிரம் பூச்சி அரிக்காது. விளக்குக்கு எண்ணெய் கிடையாது, சாலெங் என்ற பிசின் ஊறிய பைன் சிராய், தீக்குச்சி பட்டதும் பற்றிக்கொள்ளும், கரும்புகையோடு எரியும். இப்போதும் அந்தப் பக்கம் அடுப்பு பற்ற வைக்கச் சந்தையில் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். வாசலில் உரல் இருக்கிறதா பாருங்கள், மரத்தைக் குடைந்தது, பெண்கள் இருவர் மூவராக நின்று குத்துவார்கள். தூண்களுக்கு நடுவே பன்றி. சட்டகத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு ஒரு பன்றி நின்றால் எனக்கு அந்தப் படத்தின் மேல் நம்பிக்கை கூடிவிடும்.

பன்றி இல்லாமல் இபலோய் வாழ்க்கையே இல்லை. பிறப்பு, நோய், கல்யாணம், சாவு, எதற்கும் ஒரு சடங்கு விருந்து, வெளியாட்கள் கன்யாவ் என்பார்கள். மம்புனோங் என்ற பூசாரி மந்திரம் சொல்வார், முன்னோரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், தாபேய் என்ற அரிசிக் கள் ஜாடியில் இருக்கும். பக்னாங்குகள் வைக்கிற பெரிய விருந்துக்குப் பெயர் பெஷித். பல நாள் நடக்கும், ஒவ்வொரு முறையும் பன்றிகளின் எண்ணிக்கை ஏற வேண்டும், ஊரே வந்து சாப்பிட்டுப் பங்கு எடுத்துக்கொண்டு போகும். செல்வத்தைச் சேர்த்து வைத்தவன் அதை ஊர் முன்னால் செலவழித்துத்தான் பெயர் வாங்க முடியும். சமயப் பிரசாரகர்கள் இதை வீண் விரயம் என்று திட்டித் தீர்த்தார்கள். சி. ஆர். மோஸ் என்ற அமெரிக்கர் பெங்கெட்டில் தங்கி இந்தச் சடங்குகளையும் வழக்குத் தீர்க்கும் முறைகளையும் எழுதி 1920இல் வெளியிட்டார், படங்களை அதோடு சேர்த்து வைத்துப் படித்தால் நிறையப் புரியும்.

கன்யாவ் படங்களில் தாயாவ் நடனம் வரும். ஒரு நேரத்தில் ஒரு ஆண், ஒரு பெண். ஆணின் தோள்களில் இரண்டு போர்வை, சிறகு மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு முன்னால் போவான். பெண் ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு, கைகளை விரித்து, சின்னச் சின்ன அடியாக வட்டத்தில் பின்தொடர்வாள். ஓரத்தில் வாசிப்பவர்கள்: சொலிபாவ், கிம்பால் என்று இரண்டு நீள மத்தளங்கள், உள்ளங்கையால் தட்டுவது. கல்சா, பின்சாக் என்று இரண்டு தட்டுச் சேகண்டிகள். பலாஸ் என்று இரண்டு இரும்புத் துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுகிற ஒருவர். இந்த ஐந்தும் ஒரு படத்தில் இருந்தால் பெங்கெட் பக்கம் என்று தைரியமாகச் சொல்லலாம், இபலோயாக இருக்கவும் நல்ல வாய்ப்பு உண்டு. நடனத்தின் நடுவில் பெரியவர் ஒருவர் நிறுத்தி, வாழ்த்தை உரக்கச் சொல்ல, கூட்டம் நீட்டி முழங்கிப் பதில் கொடுக்கும். படத்தில் அது வாய் திறந்த சில முகங்கள் மட்டும்.

நாலாவது படத்துக்கு வருகிறேன். கையில் ஈட்டியும் தலைவெட்டும் கோடாரியும், உச்சந்தலையின் பின்பக்கம் சின்னக் கூடைத் தொப்பி. அந்தத் தொப்பி பொந்தோக் ஆண்களுடையது, அந்தக் கோடாரியும் பொந்தோக், காளிங்கா என்ற வடக்கத்தி இனங்களின் பக்கத்தது. 1900 வாக்கில் இபலோய்கள் தலைவேட்டையை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. அதன் மிச்சம் பெந்தியான் என்ற வெற்றிக் கூத்து மட்டும், அதையும் இப்போது விழாக்களில் ஊரே சேர்ந்து ஆடுகிறது. விற்பனைக்குப் படம் போட்டவர்களுக்கு இந்த வித்தியாசம் எல்லாம் தேவைப்படவில்லை, பாகியோவில் விற்றால் பெங்கெட் என்று போட்டுவிடுவார்கள். இதேபோல, எதுவார்தோ மஸ்ஃபெரே எடுத்த அருமையான படங்களையும் இபலோய் என்று பகிர்கிறார்கள். அவர் பொந்தோக், சகாதா பக்கத்துக்காரர், தாய் வழியில் காங்கனாய், 1930களுக்குப் பிறகு எடுத்தவை அவை, பெரும்பாலும் பொந்தோக், காளிங்கா, காங்கனாய் மக்கள். அப்புறம் பாகியோ நாய்ச்சந்தை அஞ்சலட்டைகள். சமவெளியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை நாய்களைக் கொண்டுவந்து விற்றார்கள் என்பது உண்மைதான், ஆனால் அதைப் பார்க்கவென்றே அமெரிக்கர்கள் கூடினார்கள், அட்டைக்கு மேல் அட்டை அச்சடித்தார்கள். அந்த அட்டைகளின் எண்ணிக்கையை வைத்து இவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று முடிவு கட்டினால் தப்பாகப் போகும்.

இன்னொரு வகைப் படம் இருக்கிறது, கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன், தேடினால் அதுதான் முதலில் வரும்: கபாயன் மம்மிகள். இறக்கும் தறுவாயில் உப்புக் கரைசல் குடிக்கக் கொடுத்து, இறந்த பிறகு கழுவி, நாற்காலியில் உட்கார வைத்து, மாதக்கணக்கில் நெருப்புப் புகையில் காயவைத்து, மூலிகைச் சாறு தடவி, முழங்காலை மடக்கிப் பைன் மரப் பெட்டியில் வைத்துக் குகையில் கொண்டுபோய் விடுவார்கள். உடம்பில் குத்திய பச்சை இன்றும் தெரிகிறது. திம்பாக் குகைகள் பெயர்போனவை. இவை திருட்டுப் போயிருக்கின்றன, அதனால் 1973இல் தேசியச் சொத்தாக அறிவித்தார்கள். ஊர்க்காரர்களுக்கு அவை பொருள் இல்லை, பாட்டன் பாட்டி. பெட்டியைத் திறக்க வேண்டுமானால் முதலில் படையல் போட்டு அனுமதி கேட்பார்கள். அந்தப் படங்களைப் பகிர்வதை நான் விட்டுவிட்டேன், உங்கள் விருப்பம்.

எனக்கு மிகவும் பிடித்தவை ஆளில்லாத படங்கள். அக்னோ ஆற்றோரம் போகோட், இதோகோன் பக்கத்தில் படிப்படியாக இறங்கும் வயல்கள், நடுவில் நாலைந்து கூரைகள். 1950இல் அம்புக்லாவ் அணை கட்ட ஆரம்பித்து 1956இல் முடித்தார்கள், 1960இல் கீழே பிங்கா அணை. அந்த வயல்களும் வீடுகளும் தண்ணீருக்குள் போயின, குடும்பங்களை நுவேவா விஸ்காயா பக்கம் பெயர்த்து அனுப்பினார்கள். மின்சாரம் மணிலாவுக்குப் போனது. அந்த நிலப்பரப்பை இன்று யாரும் நேரில் பார்க்க முடியாது, பழைய படம் ஒன்றுதான் வழி.

நல்ல தரத்தில் பார்க்க வேண்டுமானால் வூஸ்டரின் நெகட்டிவ்கள் பெரும்பகுதி மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் தேடலாம். அங்கே "இபலோய்" என்று தேடாதீர்கள், வெறுங்கையோடு திரும்புவீர்கள். "பெங்கெட் இகொரோட்" என்றே தேடி, ஊர்ப் பெயரைப் பாருங்கள். கபாயன், போகோட், இதோகோன், துபா, பாகியோ என்றால் இபலோய் பக்கம், பகுன், மங்காயன் என்றால் காங்கனாய். நேரில் போகிறவர்களுக்குப் பாகியோவில் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழக வளாகத்துக்குள் 2017இல் திறந்த முசேயோ கோர்தில்யேரா இருக்கிறது, கபாயனிலும் தேசிய அருங்காட்சியகத்தின் கிளை உண்டு. உங்களிடம் இருக்கும் அந்த மூன்றாவது படத்தை முழு அளவில் எடுத்து, வீட்டுக்கு இடது பக்கம் பின்னால் தெரியும் கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். மரக்கிளையா வேலியா என்று இந்த அளவில் எனக்குப் பிடிபடவில்லை.